கீரம்பூரில் கட்டும் காசு, வேலூரில் கடக்கும் ஆறு

நாமக்கல்லிலிருந்து கரூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், பரமத்தி வருவதற்கு முன்பே ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது. ஏட்டில் அதன் பெயர் ராசம்பாளையம். ஊரார் வாயில் அது கீரம்பூர் டோல்கேட். இன்னும் தெற்கே போனால் பரமத்தி வேலூர், அதைத் தாண்டினால் காவிரிப் பாலம், பாலம் இறங்கினால் கரூர் மாவட்டம். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நாமக்கல்–கரூர் நான்குவழிச் சாலையை ஒரே பிரிவாகக் கட்டினார்கள். காவிரிப் பாலமும் அதற்குள் அடக்கம். மொத்தத்துக்கும் பணம் வாங்கும் ஒரே இடம் கீரம்பூர்.

வேலூர் வெற்றிலை வியாபாரி ஒருவர் குட்டியானையில் கூடைகளை ஏற்றிக்கொண்டு கரூர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆற்றைக் கடக்கிறார், காசு கட்டுவதில்லை. நாமக்கல்லிலிருந்து ஒரு குடும்பம் பரமத்தியில் கல்யாணத்துக்குக் காரில் போகிறது. அவர்கள் ஆற்றின் பக்கமே போகவில்லை. ஆனால் பாலம் உட்பட முழுப் பிரிவுக்கும் கட்டணம் அவர்கள் பாஸ்டேகிலிருந்து போய்விடுகிறது. இருவர் மேலும் தவறில்லை. வண்டி எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று பார்க்காமல், சாவடியைத் தாண்டினால் முழுக் கட்டணம் என்று வாங்கும் முறை இது. சேலம்–கோவைச் சாலையிலும் அப்படித்தான். குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் நடுவே காவிரி ஓடுகிறது. பாலத்தில் சாவடி கிடையாது. சேலம் பக்கம் வைகுந்தமும் கோவை பக்கம் விஜயமங்கலமும்தான் வாங்குகின்றன.

அதனால்தான் இந்தப் பகுதியில் பாலத்துக்கான கட்டணம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது தெளிவில்லாமல் முடிகிறது. எந்தப் பாலத்துக்கு, எவ்வளவு, எதுவரைக்கும் என்று கேட்டால் கையில் பிடித்துக் காட்ட ஒரு தொகை இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை கட்டணம் ஏறுகிறது. லாரி உரிமையாளர்கள் கண்டன அறிக்கை விடுகிறார்கள், சாவடி முன் ஆர்ப்பாட்டம் நடக்கிறது, மறுநாள் புதுக் கட்டணம் வழக்கமாகிவிடுகிறது.

அந்த ஏற்றம் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டுச் சாவடிகளில் ஒரு பகுதிக்கு ஏப்ரல் 1-ஆம் தேதியும், மற்றொரு பகுதிக்குச் செப்டம்பர் 1-ஆம் தேதியும் கட்டணம் மாறும். 2008 டிசம்பரில் வந்த தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளுக்கு உட்பட்டவை ஏப்ரல் கணக்கு. அதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டுத் தனியார் கட்டிய சாலைகள், அந்தந்த ஒப்பந்தத்தில் சொன்னபடி, மொத்த விலைக் குறியீட்டோடு சேர்ந்து செப்டம்பரில் ஏறுகின்றன. நம் பக்கத்துச் சாவடிகளான ஓமலூர், ராசம்பாளையம், வைகுந்தம், மேட்டுப்பட்டி, நத்தக்கரை ஆகியவை இந்தச் செப்டம்பர் வரிசையில் வருகின்றவை.

ஏப்ரல் வரிசைக்கான 2008 விதியின் கணக்கு இப்படி. நான்குவழிச் சாலையில் காருக்கு 2007-08-இல் கிலோமீட்டருக்கு 65 பைசா. அதன் மேல் ஒவ்வோர் ஏப்ரலிலும் 3 சதவீதம் கூடும். வட்டிக்கு வட்டி போல அல்ல, அசல் 65 பைசாவின் மேலேயே கூடும். 2008 முதல் 2025 வரை 18 முறை ஆயிற்று; 54 சதவீதம். ஆக, நாட்டில் எந்தப் பொருளின் விலையும் ஒரு பைசாகூட ஏறாமல் இருந்திருந்தாலும் 65 பைசா 2025-இல் 1 ரூபாய் ஆகியிருக்கும். அதற்கு மேல், மொத்த விலைக் குறியீடு ஏறிய அளவில் 40 சதவீதத்தைச் சேர்ப்பார்கள். கடைசியில் வரும் தொகையை 5 ரூபாய்க்கு முழுமையாக்குவார்கள். சாலை நன்றாக இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, அணுகுசாலை போட்டார்களா என்ற கேள்விக்கு இந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. எனக்கு இதில் உறுத்துவது ஏற்றத்தின் அளவைவிட இந்த விடுபடல்தான்.

தேர்தலுக்கு மட்டும் ஓர் இடம் இருக்கிறது போலும். 2024 ஏப்ரல் 1-இல் வரவேண்டிய உயர்வு மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகு ஜூன் 3-இல் வந்தது. தள்ளிவைக்க முடியும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

பாலங்களுக்குத் தனிக் கணக்கும் உண்டு. சாலைப் பிரிவுக்குள் வரும் பெரிய பாலத்தின் நீளத்தைப் பத்தால் பெருக்கிக் கட்டணத்தில் சேர்ப்பது வழக்கம். ஒரு கிலோமீட்டர் பாலம் என்றால் பத்து கிலோமீட்டர் சாலை. 2025 ஜூலையில் மத்திய அரசு இதைத் திருத்தியது: பாலம், சுரங்கம், மேம்பாலம் ஆகியவற்றின் நீளத்தைப் பத்தால் பெருக்கி மீதிச் சாலையோடு கூட்டும் தொகை ஒன்று, மொத்தப் பிரிவின் நீளத்தை ஐந்தால் பெருக்கும் தொகை இன்னொன்று, இரண்டில் எது குறைவோ அது. கட்டணம் பாதியாகக் குறைகிறது என்று செய்தி பரவியது. 40 கிலோமீட்டர் பிரிவில் ஒரு கிலோமீட்டர் பாலம் இருந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். பத்தும் முப்பத்தொன்பதும் நாற்பத்தொன்பது. நாற்பதை ஐந்தால் பெருக்கினால் இருநூறு. குறைவானது முன்னதுதான், அதாவது பழைய கணக்கேதான். நீளத்தில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ பாலமாகவும் சுரங்கமாகவும் ஓடும் சாலைகளுக்குத்தான் அந்தச் சலுகை. சமவெளியில் ஆற்றைத் தாண்டும் ஒரு பாலத்துக்கு அதில் பயன் ஒன்றும் இல்லை.

இப்போது உள்ளூர்க்காரர்களின் குறைக்கு வருவோம். விதிகளில் அவர்களுக்குச் சலுகையே இல்லை என்று சொல்ல முடியாது. சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர், வாடகைக்கு ஓட்டாத சொந்த வண்டிக்கு மாதப் பாஸ் வாங்கலாம். 2007-08-இல் 150 ரூபாயில் தொடங்கியது, 2025-26-இல் 350 ஆயிற்று. சாவடி இருக்கும் மாவட்டத்திலேயே பதிவான வாடகை வண்டிகளுக்குக் குறைந்த கட்டணம் உண்டு. கட்டணப் பலகையில் அதற்கென்று ஒரு பத்தி இருக்கும்.

அந்த 'மாவட்டம்' என்ற சொல்லில்தான் எங்கள் ஆறு குறுக்கே வருகிறது. இந்தப் பகுதியில் காவிரிதான் மாவட்ட எல்லை. இக்கரை சேலம், நாமக்கல்; அக்கரை ஈரோடு, கரூர். ஆனால் பிழைப்பு எல்லை பார்ப்பதில்லை. பள்ளிபாளையத்து விசைத்தறித் துணி ஈரோட்டுச் சந்தைக்குப் போகிறது. குமாரபாளையமும் பவானியும் பெயருக்குத்தான் இரண்டு ஊர். வேலூர் வாழைத்தார் ஏலத்துக்கு அக்கரையிலிருந்தும் வருகிறார்கள். ஆனால் கீரம்பூரில் நாமக்கல் பதிவெண் வண்டிக்குக் கிடைக்கும் சலுகை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பதிவான கரூர் வண்டிக்குக் கிடைக்காது. விஜயமங்கலம் ஈரோடு மாவட்டம். குமாரபாளையத்துச் சரக்கு வண்டி அங்கே வெளியூர் வண்டி. இரு கரையையும் ஒன்றாக்கத்தான் பாலம் கட்டினோம், சலுகையோ பாலத்தின் பாதியோடு நின்றுவிடுகிறது. உள்ளூர்ச் சலுகையை மாவட்டத்தை வைத்து அளக்காமல் தூரத்தை வைத்து அளந்தாலே இந்தக் குறையில் பாதி தீரும். செலவும் பெரிதில்லை.

நாமக்கல் லாரித் தொழிலின் ஊர். பாடி கட்டும் பட்டறைகள், எரிவாயு டேங்கர்கள், முட்டை லாரிகள், பக்கத்தில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள். லாரிக்காரர்கள் இலவசம் கேட்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 2015 அக்டோபரில் நாடு முழுக்க லாரிகள் நின்றபோது கோரிக்கை என்ன? சாவடிக்குச் சாவடி நிறுத்தி வாங்காதீர்கள், ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பது. 2018 ஜூலை 20 முதல் ஒரு வாரத்துக்கு மேல் நடந்த வேலைநிறுத்தத்திலும் டீசல் விலையோடு சுங்கம் ஒரு முக்கியக் கோரிக்கை. பத்தாண்டு கழித்து, 2025 ஆகஸ்ட் 15-இல், ஆண்டுப் பாஸ் ஒன்று வந்தது. அன்று அதன் விலை 3,000 ரூபாய், 200 தடவை அல்லது ஓராண்டு. ஒரு தடவைக்கு 15 ரூபாய்தான் ஆயிற்று. நல்ல திட்டம். ஆனால் அது சொந்தக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும். கேட்டது லாரி, கிடைத்தது காருக்கு. லாரி கட்டும் சுங்கம் முட்டையிலும் துணியிலும் வாழைப்பழத்திலும் ஏறித்தான் நம் வீட்டுக்கு வருகிறது. அரசுப் பேருந்துக்கும் விலக்கில்லை. தென்மாவட்டச் சாவடிகள் நான்கில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வைத்த பாக்கி 276 கோடி ரூபாயைத் தாண்டியதாக 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது.

கட்டணம் கட்டுவது சரி, எதுவரை? பாலத்தைப் பற்றி எழும் கேள்விகளில் இதுதான் பெரியது. இதற்கு இந்தியாவிலேயே ஒரு முழு வழக்கு இருக்கிறது. டெல்லியையும் நொய்டாவையும் இணைத்து யமுனைக்குக் குறுக்கே 2001-இல் திறந்த டிஎன்டி பாலச்சாலை. கட்டிய நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 20 சதவீத ஆதாயம் உறுதி என்று 1997-இல் ஒப்பந்தம். வசூலில் அந்த ஆதாயம் வராத ஆண்டில், குறைந்த தொகை திட்டச் செலவின் தலையில் ஏறும். மறு ஆண்டு அந்தப் பெருத்த தொகைக்கு 20 சதவீதம். மக்கள் கட்டக் கட்டக் கடன் வளர்ந்தது. எந்த ஆண்டில் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. நொய்டா குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பர் 20-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பணம் திரும்பிவிட்டது, ஆதாயமும் எடுத்தாயிற்று, இனி வாங்க நியாயமில்லை என்பதே தீர்ப்பின் சாரம். அந்த வழக்கை நடத்தியவர்கள் அந்தப் பாலத்தில் தினமும் வேலைக்குப் போய்வந்த சாதாரண மக்கள்.

இன்னொரு வழக்கு நம் சாலையிலேயே. சேலத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 544 கொச்சியில் முடிகிறது. நாமக்கல் முட்டை லாரி கொச்சிக்குப் போகும்போது திருச்சூர் அருகே பாலியேக்கரா சாவடியைத் தாண்டவேண்டும். சாலை வேலையால் அங்கே மணிக்கணக்கில் நெரிசல் ஏற்பட்டது. நெரிசலில் நிறுத்திவைத்துவிட்டு, தடையில்லாப் பயணத்துக்குக் கட்டணம் எப்படி வாங்குவீர்கள் என்று கேட்டு, 2025 ஆகஸ்ட் 6-இல் கேரள உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. நெடுஞ்சாலை ஆணையம் மேல்முறையீடு செய்தும் அதே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. சில வாரங்களுக்குப் பிறகு வசூல் மீண்டும் தொடங்கியது. இருந்தாலும் சாலையின் நிலைக்கும் கட்டணத்துக்கும் முடிச்சுப் போட்டது அந்தத் தீர்ப்பு. நம் பக்கத்துச் சேலம்–உளுந்தூர்பேட்டைச் சாலையிலோ புறவழிச்சாலைகள் பலவும் ஆண்டுக்கணக்கில் இருவழியாகவே கிடந்தன. நேருக்கு நேர் மோதி உயிர்கள் போயின. வசூல் மட்டும் நிற்கவில்லை. அந்தச் சாலையில் உறவைப் பறிகொடுத்தவர்களிடம் இந்தச் சூத்திரத்தை யார் விளக்குவது?

கடன் தீர்ந்தாலும் சுங்கம் தீராது என்பதற்கு வெளிநாட்டிலும் சாட்சி உண்டு. லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் ஆற்றில் டார்ட்போர்டு கடவை. கட்டிய கடன் தீர்ந்ததும் கட்டணம் போய்விடும் என்பது பேச்சு. 2003-இல் தீர்ந்தபோது, நெரிசலைக் குறைக்க என்று பெயரை மாற்றி வசூலைத் தொடர்ந்தார்கள். 2025 செப்டம்பர் 1-இல், தற்செயலாக நம் தேதியிலேயே, கார் கட்டணத்தை இரண்டரைப் பவுண்டிலிருந்து மூன்றரைப் பவுண்டாக்கினார்கள். அதே ஆற்றில் 2025 ஏப்ரலில் சில்வர்டவுன் என்ற புதுச் சுரங்கத்தைத் திறந்தார்கள். அதுவரை இலவசமாக இருந்த பக்கத்துப் பிளாக்வால் சுரங்கத்துக்கும் அன்றிலிருந்தே கட்டணம். புதுக் கடவைக்கு எதிராக உள்ளூரில் பல ஆண்டுகளாக எழுந்த எதிர்ப்பில் இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில், முதலீடு திரும்பிய பிறகு கட்டணத்தை 40 சதவீதமாகக் குறைக்கவேண்டும் என்று 2008 விதி சொன்னது. 2023 அக்டோபரில் அதைத் திருத்தி, முழுக் கட்டணத்தையே தொடர்ந்து வாங்க வழி செய்துவிட்டார்கள். இது நடந்தபோது நம் ஊர்களில் ஓர் ஆர்ப்பாட்டமும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஐந்து ரூபாய் ஏறினால் கோபம் வருகிறது. முடிவுத் தேதி மறைந்தது கண்ணில் படவில்லை. எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான். ஒவ்வொரு சாவடிக்கும் திட்டச் செலவு, இதுவரை வசூல், ஒப்பந்தக் காலம் ஆகியவை ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. அவற்றைத் தமிழில், கட்டணத் தொகைக்குப் பக்கத்திலேயே, கிளீனர் பையனும் படிக்கும்படி எழுதிவைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

காவிரியில் புதுப் பாலம் கேட்டுக் காத்திருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. எடப்பாடி பக்கம் பூலாம்பட்டியிலிருந்து அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு மக்கள் படகில் போகிறார்கள். 'குட்டி கேரளா' என்று பார்க்க வருகிறவர்களுக்கு அது உல்லாசம், அங்கிருப்பவர்களுக்கு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் வழி. மேட்டூர் நீர்ப்பரப்பின் மேல்பக்கம், தருமபுரியின் ஒட்டனூருக்கும் சேலத்தின் கோட்டையூருக்கும் நடுவே பாலம் வேண்டும் என்பது பல்லாண்டுக் கோரிக்கை. இந்த ஊர்களில் பாலத்தை எதிர்ப்பவர் யாருமில்லை. மோகனூர்–வாங்கல் பாலம் போல மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டினால் சாவடி வராது. நாமக்கல்லிலிருந்து மோகனூர் வழியாகக் கரூர் போகிறவர் இன்றும் காசில்லாமல்தான் ஆற்றைக் கடக்கிறார். தனியார் முதலீட்டில் கட்டுவதாக இருந்தால் கதை வேறு. பரிசல் துறையை ஏலம் விடும்போது ஆளுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, ஏலம் எத்தனை மாதத்துக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பாலத்துக்கும் அந்த மூன்றையும் அடிக்கல் நாட்டும் முன்பே கிராம சபையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள இந்த ஊர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.