பழைய கேகே மருத்துவமனை: கல்லீரலுக்கான முதல் காப்பு

1924 முதல் 1997 வரை சிங்கப்பூரின் ஹாம்ப்ஷயர் சாலையில் உள்ள இவ்வளாகத்தில் கேகே மகப்பேற்று மருத்துவமனை இயங்கியது. அருகிலுள்ள தேக்கா வட்டாரத்தில் வளர்ந்த பலர் பிறந்த இடம் இது.

பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி, குழந்தையின் உடலில் பெரும்பாலும் ஆயுள் முழுதும் தங்கிவிடும். பல ஆண்டுகள் அறிகுறியே இன்றிக் கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம்.

1985இல் கிருமியுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1987 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் சிங்கப்பூர் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. இம்மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்கும் அப்படித்தான்: பிறந்ததும் தொடையில் ஒரு சிறு ஊசி. ஆறு மாதத்துக்குள் இன்னும் இரண்டு.

1990இல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர் சூசன் லிம் நாட்டின் முதல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தார். பெரும் சாதனை அது. அத்தகைய அறுவையே தேவைப்படாமல் பலரைக் காத்து வருகிறது இந்த ஊசி.

1987க்கு முன் பிறந்தவர்கள், இக்கிருமி உடலில் உள்ளதா என்று அறிய ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.