பழைய இரும்பு அலுமாரியில் மீனுக்குப் புகை போடுவோம்



துருப்பிடித்த இரும்பு அலுமாரி, கதவு சரியாகப் பூட்டாத ஆபீஸ் அலுமாரி என்றால் பழைய இரும்பு வாங்குபவருக்குக் கொடுத்து விடுகிறோம். அதையே மீனுக்குப் புகை போடும் அடுப்பாக மாற்றலாம். செய்வது கஷ்டமில்லை. ஆனால் கவனமில்லாமல் செய்தால் உடம்புக்குக் கேடு. இரண்டையும் சேர்த்தே இங்கு சொல்கிறோம்.

முதலில், இது நமக்கு எதற்கு? பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா வழியாகப் போகும் ஏ5 வீதி செங்கலடியில் முடிகிறது. அதற்கு அப்பால் மட்டக்களப்பு வாவி. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம் மலையகக் குடும்பங்கள் சில அந்த மாவட்டத்திலும் குடியேறின. வாவியில் திலாப்பியாவும் இறாலும் பிடிபடுகின்றன. பிடிபாடு கூடினால் விலை விழும். ஐஸ் இல்லாவிட்டால் அன்றைக்கே மீன் பழுதாகும். மலையில் நம் பிள்ளைகளுக்கோ மீன் போதாது. 2016ஆம் ஆண்டு சனத்தொகை சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரம் இல்லாத சிறு பிள்ளைகள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 100க்கு 32 பேர். பிள்ளை வளர மீன், முட்டை, பருப்பு வேணும்.

புகை மட்டும் மீனைக் காப்பாற்றாது

சம்பலுக்குப் போடும் மாசியைப் பாருங்கள். மாலைதீவில் சூரை மீனை அவித்து, புகை போட்டு, வெயிலில் கட்டை போலக் காய வைத்துத்தான் மாசி செய்கிறார்கள். அது மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது ஈரம் போனதால். புகை வாசமும் நிறமும் தரும், கொஞ்சம் கிருமியையும் தடுக்கும். மற்றதெல்லாம் உப்பு, சூடு, காய்ச்சல் மூன்றின் வேலை. மேலே சிவந்து உள்ளே ஈரமாக இருக்கும் மீன் சாதாரண சமைத்த மீன்தான். குளிர்ப்பெட்டி இல்லாவிட்டால் அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

அலுமாரியைத் தயார் செய்தல்

1. கண்ணாடி, ரப்பர், பிளாஸ்டிக் பிடி எல்லாவற்றையும் கழற்றி விடுங்கள்.

2. பளபளவென்று பூப்பூவாகத் தெரியும் கல்வனைஸ் தகடு வேண்டாம். அதில் நாகம் பூசியிருக்கும். கடும் சூட்டில் அதன் புகை காய்ச்சல் தரும். உப்பு பட்டாலும் நாகம் கரைந்து மீனில் ஒட்டும். கோழிக்கூட்டுக் கம்பி வலையும் அப்படித்தான்.

3. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அது பிள்ளைகளின் மூளைக்குக் கெடுதி. ஆகவே பெயிண்டை எரித்துப் போக்காதீர்கள். வெளியிடத்தில், தண்ணீர் ஊற்றி நனைத்து, அரத்தாளால் தேய்த்து எடுங்கள். வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக்கூடாது. உதிர்ந்த தூளைக் கூட்டிப் பொதி கட்டுங்கள். தோட்டத்திலோ ஓடையிலோ கொட்ட வேண்டாம். உள்பக்கம் முழுவதும் வெறும் இரும்பு தெரியணும். முடியாவிட்டால் அந்த அலுமாரியை விட்டுவிடுங்கள்.

4. கீழ்த்தட்டில் புகை நுழைய ஒரு துவாரம், மேலே புகை வெளியேற ஒரு துவாரம். உள்ளே மீன் தொங்கப் பச்சை மூங்கில் குச்சிகளைக் குறுக்கே வையுங்கள்.

5. மீன் போடும் முன் ஒரு தடவை வெறும் அலுமாரியில் மூன்று மணி நேரம் நெருப்பு மூட்டிப் பாருங்கள். பெயிண்ட் வாடை வந்தால் இன்னும் தேய்க்க வேண்டும்.

நெருப்பு எங்கே?

நெருப்பை அலுமாரிக்குள் வைக்க வேண்டாம். மலைச்சரிவு நமக்கு வசதி. கீழே செங்கல்லும் களிமண்ணும் கொண்டு அடுப்புக் கட்டி, மேலே மூன்றடி தூரத்தில் அலுமாரியை நிறுத்தி, நடுவில் கல்லால் மூடிய வாய்க்கால் வையுங்கள்; புகை தானாக ஏறும். வாவிக்கரை போன்ற சமதரையில் அலுமாரியைக் கற்களின் மேல் உயர்த்தினால் போதும்.

மீனுக்குக் கீழே எண்ணெய் வடிய ஒரு தட்டு கட்டாயம். கொழுப்பு நெருப்பில் சொட்டினால் எழும் கரும்புகையில் புற்றுநோய் தரும் பொருட்கள் உண்டு. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனமும் செனகல் நாட்டின் தியாரோய் பயிற்சி நிலையமும் 2008ல் உருவாக்கிய மீன் அடுப்பிலும், கொழுப்பு நெருப்பில் விழாமல் தட்டு வைத்தே வேலை நடக்கிறது.

விறகுக்கு மா, பலா, கொய்யா, பொச்சு மட்டை நல்லது. பைனஸ், பெயிண்ட் அடித்த பலகை, மருந்து அடித்த தேயிலை மிலாறு வேண்டாம். வாவிக்கரை உறவுகளே, கண்டல் மரத்தை வெட்டாதீர்கள். மீன் குஞ்சு வளர்வது அதன் வேரடியில்தான்.

புகை போடும் முறை

மீனைக் கிழித்துக் குடல் எடுத்துக் கழுவுங்கள். ஒரு லீட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உப்பு கரைத்து ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். பின்பு ஈ மொய்க்காமல் காற்றில் காய விடுங்கள். மேல்தோல் ஈரம் வற்றிய பிறகே அலுமாரிக்குள் போடணும்.

உள்ளே சூடு 80 பாகை அளவில் இருக்கட்டும். மீனின் நடுப்பகுதி 63 பாகைக்கு வந்து அரை மணி நேரம் நிற்க வேண்டும். கோழி என்றால் 74 பாகை. வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால் சந்தேகம் இருக்காது. இல்லாவிட்டால் முள்ளோரம் கிள்ளிப் பாருங்கள். சதை வெள்ளையாக உதிரணும், இரத்தம் தெரியக்கூடாது. மான், மரை இறைச்சிக்கு இதைப் பாவிக்க நினைக்காதீர்கள். அந்த வேட்டை சட்டப்படி குற்றம்.

நாள்கணக்கில் வைக்க வேண்டுமானால் மாசி போலக் காயும் வரை வெயிலிலும் புகையிலும் மாறி மாறிப் போடுங்கள். ஈரமுள்ள மீனைப் பொலித்தீனில் இறுகக் கட்டி வைக்காதீர்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு உயிரை எடுக்கும். வாடையால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக ஒன்று. லயத்துக்குள்ளோ, கோடிக்கூரைக்குக் கீழோ, மழை பெய்தாலும்கூட இந்த அடுப்பை வைக்கக் கூடாது. ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ வரிசை முழுவதையும் எரித்துவிடும். தணலில் இருந்து வரும் வாடையில்லாத கரிவாயு தூங்குகிறவரை எழும்ப விடாது. லயத்துக்குத் தள்ளி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு, பெரியவர் ஒருவர் காவல் இருக்க மூட்டுங்கள்.

ஒரு வீட்டுக்கு ஓர் அலுமாரி தேவையில்லை. நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒன்று செய்தால் செலவும் குறையும், விறகும் மிஞ்சும். அலுமாரி கிடைத்தவர்கள் தேய்க்கத் தொடங்கும் முன் நலன்புரி அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வந்து பார்த்து, ஆகுமா ஆகாதா என்று சொல்கிறோம்.