எத்தனை நாளைக்கு அவசரம்?

2021 ஜனவரியில் பிரிட்டன் அரசு விநோதமான ஓர் உத்தரவைப் போட்டது. தேனீக்களுக்கு ஆபத்து என்று 2018-ல் திறந்தவெளிப் பயிர்களில் தடை செய்யப்பட்ட தயோமீத்தாக்சம் என்ற பூச்சிக்கொல்லியை, சர்க்கரை எடுக்கப் பயிராகும் சுகர் பீட்டின் விதையில் மட்டும் பூசி விதைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தது. ஜனவரி, பிப்ரவரி மாதக் குளிரைக் கணக்கில் எடுத்து, அந்த ஆண்டு எவ்வளவு பயிரை மஞ்சள் வைரஸ் நோய் தாக்கும் என்று ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையம் மார்ச் முதல் தேதி கணித்துச் சொல்ல வேண்டும். கணிப்பு 9 சதவீதத்தை எட்டினால்தான் மருந்து பூசிய விதை வயலுக்குப் போகலாம்.

அந்த ஆண்டு நல்ல குளிர். வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோகும் அசுவினிப் பூச்சிகள் அதில் பெரும்பாலும் மடிந்தன. கணிப்பு 8.37 சதவீதம் என்று வந்தது. அனுமதி கையில் இருந்தும் மருந்து பூசிய விதை ஒன்றுகூட விதைக்கப்படவில்லை.

முந்தைய ஆண்டு இதே நோயால் விளைச்சல் கால்வாசி போய், கைசுட்டுக்கொண்ட விவசாயிகள் கேட்டு வாங்கிய அனுமதி அது. ஆபத்து உண்மையிலேயே வருகிறதா என்று பார்த்துவிட்டு மருந்தை எடு என்று ஓர் அரசாங்க உத்தரவு சொல்வது அபூர்வம். ஆனால் அதே பயிரும் அதே மருந்தும் அடுத்த மூன்று ஆண்டுகளில் வேறு கதை சொல்லின. அதற்கு முன்னால், இப்படி ஓர் அவசர வாசல் ஏன் தேவைப்படுகிறது என்று பார்த்துவிடலாம்.

பூச்சிமருந்து டப்பாவில் ஒட்டியிருக்கும் லேபிளை விவசாயிகளில் பலர் படிப்பதில்லை. சட்டத்தின் கண்ணில் அந்தக் காகிதம்தான் மருந்தே. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, ஏக்கருக்கு எவ்வளவு, அடித்த பிறகு அறுவடைக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பருத்திக்கு என்று பதிவான மருந்தின் அனுமதி கத்தரிக்குச் செல்லாது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் பல இடங்களில், பல பருவங்களில் நடந்த சோதனைகள் இருக்கின்றன. விளைபொருளில் எவ்வளவு நஞ்சு மிஞ்சுகிறது, மீனுக்கும் தேனீக்கும் என்ன ஆகிறது, அடிக்கிறவருக்கு என்ன ஆகிறது என்று எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் ஆண்டுகள் பிடிக்கும்.

இந்த நிதானம் சும்மா வந்ததில்லை. 1958-ல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பராத்தியான் என்ற கொடிய பூச்சிக்கொல்லி கலந்துபோன உணவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உணவுப் பொருளும் நஞ்சும் ஒரே கப்பலில் வந்ததன் விளைவு. அதன் பிறகு அமைந்த விசாரணைக்கும் பரிந்துரைகளுக்கும் பின்னால்தான் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. மத்திய பூச்சிக்கொல்லி வாரியமும் அதன் பதிவுக் குழுவும் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள்.

பூச்சிகள் இந்தச் சட்டத்தைப் படிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் மக்காச்சோளக் குருத்துகளுக்குள் ஒரு புதுப் புழுவை விஞ்ஞானிகள் கண்டார்கள். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு. 2016-ல் ஆப்பிரிக்காவில் கால்வைத்து, இரண்டே ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. அதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் பறக்கக்கூடியது. ஒரு பெண் பூச்சி ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். சில மாதங்களில் தமிழ்நாட்டு மானாவாரி மக்காச்சோளக் காடுகள் முழுக்கப் புழு. பெரம்பலூர், அரியலூர் பக்கமெல்லாம் இலைகள் சல்லடையாகி, குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம் குவிந்து கிடந்தது. இழப்பீடாக மட்டும் தமிழக அரசு சுமார் 186 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் மருந்துக்கடையில் நின்ற விவசாயியை நினைத்துப் பார்க்கலாம். நாட்டிலேயே இல்லாத புழுவுக்கு எந்த லேபிளில் பெயர் இருக்கும்? சட்டப்படி அதற்கென்று பதிவான மருந்தே கிடையாது. முழுச் சோதனையும் முடிந்து லேபிள் வரும்வரை பொறுத்திருந்தால் சில போகம் போய்விடும். அதனால் பதிவுக் குழு, வேறு பூச்சிகளுக்காக ஏற்கெனவே சோதிக்கப்பட்டுப் பழக்கத்தில் இருந்த சில மருந்துகளுக்கு, படைப்புழுவுக்கென்று தற்காலிக ஒப்புதல் தந்தது. எமாமெக்டின் பென்சோயேட், ஸ்பைனெட்டோரம், குளோரன்ட்ரனிலிப்ரோல் போன்ற பெயர்கள் கிராமத்துக் கடைகளில் புழங்கத் தொடங்கியது இப்படித்தான். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அளவைக் கணக்குப் போட்டுச் சொன்னது: எமாமெக்டின் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம், குருத்துக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும். கடைசி உழவில் வேப்பம்புண்ணாக்கு, விதை நேர்த்தி, ஓரப்பயிர் எல்லாம் அந்தப் பரிந்துரையில் கூடவே இருந்தன. ஊரில் எஞ்சி நின்றது என்னவோ டப்பாவின் பெயர்தான்.

இந்த அனுமதியைக் கொடுக்காமலே விட்டிருந்தால் மருந்தே அடித்திருக்க மாட்டார்கள் என்று நினைப்பது நகரத்து நினைப்பு. பயிர் கண்ணெதிரே போகும்போது கிடைத்ததை, கலந்ததை, இரட்டிப்பாக அடிப்பார்கள். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். ஆளுயரம் வளர்ந்த செடி, பல மருந்துகளின் கலவை, முகத்துக்கு நேரே தெளிப்பு, பாதுகாப்பு உடை இல்லை. பீதியில் அடிக்கிற மருந்துக்கு அளவு கிடையாது. அவசர அனுமதி அந்தப் பீதிக்கு ஓர் அளவுகோலைக் கொடுக்கிறது. அதன் முதல் நியாயம் இதுதான்.

மற்ற நாடுகளும் இந்த வாசலை வைத்திருக்கின்றன, பூட்டு மட்டும் வேறு வேறு. அமெரிக்காவில் விவசாயியோ கம்பெனியோ நேரடியாகக் கேட்க முடியாது. மாநில அரசோ மத்திய அரசுத் துறையோதான் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாக வரும் பூச்சி என்றால் செல்லாது. நிலைமை புதியதாக இருக்க வேண்டும், நஷ்டமும் வழக்கமான ஏற்ற இறக்கத்தை மிஞ்ச வேண்டும். விண்ணப்பிக்கவே நேரமில்லை என்றால் மாநிலமே 15 நாளுக்கு அனுமதித்துவிட்டுத் தகவல் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் உச்சவரம்பு 120 நாள், வேறு எந்த நியாயமான வழியிலும் ஆபத்தைத் தடுக்க முடியாது என்றால் மட்டும். ஆஸ்திரேலியாவுக்குள் 2020 தொடக்கத்தில் அதே படைப்புழு வடக்கிலுள்ள தீவுகள் வழியே நுழைந்தபோது, அங்குள்ள பூச்சிக்கொல்லி ஆணையமும் அவசர அனுமதிகளை அடுத்தடுத்து வழங்கியது.

அவசரத்தில் அரசுக்கே கைகால் எப்படி முறுக்கிக்கொள்ளும் என்பதற்கு இந்தியாவின் 2020 மே மாதம் போதும். பாகிஸ்தான் எல்லையைத் தாண்டி வந்த பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் ஜெய்ப்பூர் நகர வீடுகளின் மேல் பறந்துகொண்டிருந்தது. ஜோத்பூரில் களத் தலைமையகம் கொண்ட வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பின் வண்டிகள் மாலத்தியான் தெளித்துக்கொண்டிருந்தன. ஏறத்தாழ அதே வாரத்தில் மத்திய வேளாண் அமைச்சகம் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்யும் வரைவு உத்தரவை வெளியிட்டது. பட்டியலில் மாலத்தியானும் இருந்தது. வெட்டுக்கிளிக்கு எதிராகப் பயன்பட்ட குளோர்பைரிபாஸும் டெல்டாமெத்ரினும்கூட அதில் இருந்தன. மூன்று ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2023-ல் அந்த 27-இல் முழுத் தடைக்குப் போனவை டைகோபால், டைனோகாப், மீத்தோமில் என்ற மூன்று. மாலத்தியானுக்குச் சில பயிர்களில் மட்டும் கட்டுப்பாடு.

வெட்டுக்கிளிக்காகத் திறந்த இன்னொரு வாசல் டிரோன். சாயங்காலம் மரங்களில் அடையும் கூட்டத்தின் மேல் இரவிலும் விடியற்காலையிலும்தான் மருந்து அடிக்க முடியும். உயர்ந்த மரத்துக்கும் மேட்டு நிலத்துக்கும் வண்டி போகாது. அதனால் 2020 மே 21-ம் தேதி விமானப் போக்குவரத்து அமைச்சகம் டிரோன்களுக்கு நிபந்தனையுடன் விலக்கு அளித்தது. ஜூன் இறுதியில் இரவில் பறக்கவும் சம்மதம் கிடைத்தது. வெட்டுக்கிளி போய்விட்டது, டிரோன் போகவில்லை. 2022 ஏப்ரலில் 477 பூச்சிக்கொல்லித் தயாரிப்புகளை டிரோனில் தெளிக்க இரண்டு ஆண்டு இடைக்கால அனுமதி வந்தது. ஒன்றுக்கொன்று நேரடித் தொடர்ச்சி என்று சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து நேரத்தில் ஒரு தொழில்நுட்பம் வேலை செய்து காட்டிவிட்டால், பிறகு அதை உள்ளே விடாமல் தடுப்பது கடினம்.

இங்கேதான் இந்த அவசர அனுமதி ஏற்பாட்டின் பலவீனம் இருக்கிறது. கொடுப்பதில் பெரிய தவறு நடப்பது குறைவு; நிறுத்துவதில்தான் நடக்கிறது.

பிரிட்டனின் சுகர் பீட்டுக்கு வருவோம். 2022-ல் மறுபடி அனுமதி. அரசின் பூச்சிக்கொல்லி நிபுணர் குழுவே வேண்டாம் என்று சொன்ன பிறகு கொடுத்தார்கள். இந்த முறை எல்லைக்கோடு 19 சதவீதம். கணிப்பு 69-ஐ ஒட்டி வந்தது, விதை வயலுக்குப் போனது. 2023-ல் கோடு 63, கணிப்பு 67.5. 2024-ல் கோடு 65, கணிப்பு 83. கோட்டை மூன்று மடங்குக்கு மேல் உயர்த்தியும் கணிப்பு ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டியது. மருந்து பூசிய விதை போட்ட வயலில் 32 மாதத்துக்குப் பூக்கும் பயிர் எதையும் போடக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் இருந்தன. தேனீ அந்த மண்ணின் நஞ்சைத் தொடாமலிருக்க அந்த ஏற்பாடு. நிபந்தனைகளைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மிதமான குளிர்காலம் வந்தால் அசுவினி வரும், அசுவினி வந்தால் வைரஸ் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு, அதை எதிர்பாராத ஆபத்து என்று எத்தனை ஆண்டு எழுதிக்கொண்டே போவது? 2025 ஜனவரியில் அரசு விண்ணப்பத்தை மறுத்துவிட்டது.

பிரான்ஸ் இதே வழியில் இன்னும் வேகமாகப் போய் இன்னும் பலமாக முட்டிக்கொண்டது. தயோமீத்தாக்சம் உள்ளிட்ட நியோனிக்கோட்டினாய்டு வகை மருந்துகளுக்கு 2018 செப்டம்பரில் தடை போட்டது. 2020-ல் மஞ்சள் நோய் சுகர் பீட் விளைச்சலைச் சுமார் 30 சதவீதம் விழுங்கியதும், அந்த ஆண்டு டிசம்பரிலேயே தடைக்கு விலக்குத் தரும் சட்டத்தை இயற்றியது. 2023 ஜனவரி 19-ம் தேதி, பெல்ஜியம் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒன்றியமே வெளிப்படையாகத் தடை செய்த மருந்தைப் பூசிய விதையை அவசரகாலப் பிரிவின் பெயரில் அனுமதிக்க முடியாது. நான்கே நாளில் பிரான்ஸ் தன் விலக்கைக் கைவிட்டது. விதைப்புக்கு வாரக்கணக்கில்தான் நேரம் இருந்தது. விவசாயிகள் டிராக்டர்களோடு பாரிசுக்குள் வந்தார்கள். கோபம் நியாயமானது, மூன்று ஆண்டு அவகாசத்தில் மாற்று ஒன்று தயாராகியிருக்க வேண்டும், ஆகவில்லை.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் சுவாரசியம். தேனீக்கள் பற்றிய ஆதாரம் போதவில்லை என்று 2015 செப்டம்பரில் நீதிமன்றம் சல்போக்சாபுளோர் என்ற மருந்தின் பதிவையே ரத்து செய்தது. அதன் பிறகும் பருத்தி, சோளம் இரண்டுக்கும் பல மாநிலங்கள் ஆண்டுதோறும் அவசர விலக்கு வாங்கின. சோளத்தை அப்போது புதிதாகத் தாக்கிய ஓர் அசுவினி அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. 2019-ல் இரண்டு பயிர்களுக்கும் பதிவே கிடைத்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கு வேறு மாதிரி அனுபவமும் உண்டு. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளியில் ஒரு வெள்ளை மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. மல்பெரியில் நிலைமை இன்னும் மோசம்: இலையில் மருந்து பட்டால் அதைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும். எந்த அவசர அனுமதியாலும் தீர்க்க முடியாத அவசரம். பல இடங்களில் மல்பெரித் தோட்டங்களை வேரோடு பிடுங்கினார்கள்.

அப்போது கேட்டுப் பெற்றது வேறொரு அனுமதி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் மூன்று வகைக் குட்டிக் குளவிகளை 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருவிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் இறக்குமதி செய்தது. வெளியிலிருந்து ஓர் உயிரினத்தைக் கொண்டுவருவதும் ஆபத்தான காரியம்தான். தனிமைக் கூடங்களில் வைத்து, பட்டுப்புழு உள்ளிட்ட வேறு உயிர்களைத் தொடுகிறதா என்று பார்த்த பிறகே தோட்டங்களில் விட்டார்கள். அசரோபேகஸ் பப்பாயே என்ற குளவி சில மாதங்களிலேயே மாவுப்பூச்சியை அடக்கிவிட்டது. யாரும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டிய தேவை வரவில்லை.

பத்தாண்டு கழித்து இதே வேலை இன்னொரு முறை நடந்தது. 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி நுழைந்து தமிழகத்து மரவள்ளிக் காடுகளுக்கும் வந்தபோது, 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றிய அனகைரஸ் லோபஸி என்ற குளவியை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தார்கள். சோதனைகள் முடிந்து 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அதை விட்டார்கள். நடுவில் கழிந்த மாதங்களில் விவசாயிகள் மருந்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. குளவி வந்த பிறகு அவர்களுக்குச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று, இனி அந்த மருந்தை அடிக்காதீர்கள், குளவி செத்துவிடும் என்பது.