ஸ்டாண்டர்டு 2000 (மகிழுந்து)

ஸ்டாண்டர்டு 2000 என்பது சென்னையைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1985 முதல் 1988 வரை தயாரித்த பெரிய வகைக் கார் ஆகும். இதன் உடல் பிரிட்டனில் புகழ்பெற்ற ரோவர் எஸ்.டி.1 காரின் உடல். அந்த ரோவர் காருக்கு வேகத்தைக் கொடுத்த எந்திரமோ அமெரிக்காவில் பிறந்த வி8 எந்திரம். சென்னையில் தயாரானபோது அந்த எந்திரம் வரவில்லை. அதன் இடத்தில் 1940-களில் உருவான ஒரு பழைய எந்திரம் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் தயாரான கார்களில் இதைப் போல எதிர்பார்ப்பை எழுப்பி, இதைப் போல விரைவாக மறைந்தது வேறில்லை எனலாம்.

அமெரிக்க வழி வந்த எந்திரம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு, சாலைகள் அகலம். அதனால் நீளமான உடலுக்குள் பெரிய வி8 எந்திரத்தை வைத்து, குடும்பக் காரையே வேகக் காராக மாற்றும் வழக்கம் வளர்ந்தது. 1955-இல் வந்த கிறைஸ்லர் சி-300 காரின் திறன் 300 குதிரைத்திறன்; பெயரும் அதிலிருந்தே வந்தது. 1961-இல் செவ்ரோலே நிறுவனம் தன் இம்பாலா காரில் 'எஸ்.எஸ்.' என்ற வேக வகையை அறிமுகம் செய்தது.

வி8 எந்திரத்தில் எட்டு உருளைகள் நான்கு நான்காக இரண்டு வரிசையில், 'வி' எழுத்தைப் போலச் சாய்ந்து நிற்கும். எட்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் எந்திரம் மிக நீளமாகிவிடும். இந்த அமைப்பில் அது குட்டையாக அடங்கும். சுழல்தண்டு ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒரு வெடிப்பைப் பெறுவதால் ஓட்டமும் சீராக இருக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்தைச் சேர்ந்த பியூக் பிரிவு 1961-இல் சிறிய வகைக் கார்களுக்காக ஒரு வி8 எந்திரம் செய்தது. கொள்ளளவு 215 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.5 லிட்டர். வார்ப்பிரும்புக்குப் பதிலாக அலுமினியத்தால் ஆனதால் எடை 150 கிலோவுக்கும் குறைவு. ஆனால் வார்ப்பில் செலவு கூடியது, தொல்லைகளும் வந்தன. 1963-உடன் அமெரிக்கர்கள் அதைக் கைவிட்டனர்.

பிரிட்டனின் ரோவர் நிறுவனம் 1965-இல் அதன் உரிமையை வாங்கியது. அமெரிக்கர்களுக்கு வேண்டாததாகிப் போன எந்திரம் ரோவருக்குப் பல பத்தாண்டுகள் சோறு போட்டது. 1967 முதல் ரோவர் கார்களிலும் 1970 முதல் ரேஞ்ச் ரோவரிலும் அது ஓடியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓல்ட்ஸ்மொபில் உருளைத்தொகுதியை அடிப்படையாகக் கொண்டு ஆஸ்திரேலியாவின் ரெப்கோ செய்த எந்திரத்தால்தான் ஜாக் பிராபம் 1966-இல் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றார்.

ரோவர் எஸ்.டி.1

இந்த எந்திரத்தை மையமாக வைத்து 1976-இல் ரோவர் 3500 வெளிவந்தது. எஸ்.டி.1 என்பது அதன் தொழிற்சாலைக் குறியீடு. உருவத்தை டேவிட் பாஷ் வரைந்தார். பொறியியல் பணிக்கு ஸ்பென் கிங் தலைமை ஏற்றார். தாழ்ந்த மூக்கு, பின்னோக்கிச் சரியும் கூரை, மேலே திறக்கும் பின்கதவு என்று அக்காலப் பெரிய கார்களிலிருந்து அது முற்றிலும் மாறுபட்டு நின்றது. ஃபெராரி டேடோனா காரின் சாயல் அதில் இருப்பதை எவரும் காணலாம். 1977-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியக் கார் விருது அதற்குக் கிடைத்தது.

3,528 கன செ.மீ. கொள்ளளவும் சுமார் 155 குதிரைத்திறனும் கொண்ட அந்தக் கார் மணிக்கு 200 கிலோமீட்டரை எட்டியது. 1982-இல் வந்த விட்டெஸ் வகை 190 குதிரைத்திறன் பெற்றுப் பந்தயங்களிலும் வென்றது. பிரிட்டிஷ் காவல்துறை நெடுஞ்சாலைக் கண்காணிப்புக்கு இக்காரை விரும்பிப் பயன்படுத்தியது. குறைகளும் இருந்தன. அப்போது அரசுடைமையாகியிருந்த பிரிட்டிஷ் லேலண்ட் குழுமத்தின் வேலைநிறுத்தங்களும் தரக் கட்டுப்பாட்டுக் குறைவும் இந்தக் காரைப் பாதித்தன. ஆனாலும் 1986-இல் தயாரிப்பு நிற்கும் வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன.

சென்னை நிறுவனம்

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1948-இல் சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. முதலில் வான்கார்டு, பிறகு 1950-களில் ஸ்டாண்டர்டு எய்ட், டென், பென்னன்ட் ஆகிய கார்கள் வந்தன. 1961-இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இவற்றில் மிகவும் அறியப்பட்டது. பிரிட்டனில் டிரயம்ப் ஹெரால்டு என்று இரண்டு கதவுடன் விற்ற அந்தக் காருக்குச் சென்னைத் தொழிற்சாலை நான்கு கதவு வைத்தது. பிரிட்டனில் அப்படி ஒரு வகை வெளிவரவே இல்லை. மூலத்தை அப்படியே படியெடுக்காமல் தன் மண்ணுக்கேற்ப மாற்றும் திறமை சென்னைத் தொழிலாளர்களிடமும் பொறியாளர்களிடமும் இருந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றே இந்தியச் சாலைகளில் பெரும்பாலும் தெரிந்த காலம் அது. நாஞ்சில் நாட்டுப் பெரியவர்கள் காரைப் 'பிளசர்' என்று சொன்ன நாட்கள். ஹெரால்டைத் தொடர்ந்து 1970-களில் கெஸல் வந்தது. அது பெரிய அளவில் விற்கவில்லை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் நிறுவனம் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டு வேன், சிறு சரக்கு வாகனங்களை மட்டும் செய்தது.

அதன் தொழிற்சாலை வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில் இருந்தது. அந்நாட்களில் நாகர்கோவிலிலிருந்து இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போனவர்கள் செங்கல்பட்டைத் தாண்டி, தாம்பரம் வருவதற்கு முன் கடக்க வேண்டியிருந்த இடம் அது.

பழைய எந்திரமும் புதிய உடலும்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் இந்தியக் கார் சந்தை விழித்துக்கொண்டது. புதிய கார் தேவை என்பதை எல்லா நிறுவனங்களும் உணர்ந்தன. ஸ்டாண்டர்டு நிறுவனம் ரோவர் எஸ்.டி.1-ஐத் தேர்ந்தெடுத்தது. அந்நாளைய இந்தியாவில் அதைவிடப் பெரிய தாவல் எதையும் நினைத்துப் பார்க்க முடியாது. அம்பாசிடருக்குப் பழகிய கண்களுக்கு அது வேற்றுக்கிரக வாகனம்போலத் தெரிந்திருக்கும்.

ஆனால் அயல்நாட்டுச் செலாவணிக்குக் கட்டுப்பாடு இருந்த, பெட்ரோல் விலை உயர்ந்த நாட்டில் 3.5 லிட்டர் வி8 எந்திரத்துக்கு இடமில்லை. ஆகவே வான்கார்டு காலத்திலிருந்து கைவசமிருந்த நான்கு உருளை எந்திரத்தையே திருத்தி, 1,991 கன செ.மீ. கொள்ளளவில் பொருத்தினர். திறன் சுமார் 80 குதிரைத்திறன். இந்தியச் சாலைகளுக்கேற்ப வண்டியின் தரை இடைவெளியும் உயர்த்தப்பட்டது.

அந்த எந்திரத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த எந்திரம்தான் பிரிட்டனின் ஃபெர்குசன் டிராக்டர்களில் உழைத்தது. அதே 1,991 கன செ.மீ. அளவில் 1953-இல் டிரயம்ப் டி.ஆர்.2 என்ற விளையாட்டுக் காரிலும் ஓடியது. அதன் உருளைகள் தனித்தனிக் குழல்களாகச் செருகப்பட்டவை. குளிர்விக்கும் நீர் குழலை நேராகத் தொட்டு ஓடும். தேய்ந்துபோனால் எந்திரத் தொகுதியைக் கடைய வேண்டியதில்லை, குழலைக் கழற்றிப் புதிதாகச் செருகினால் போதும். சிறிய பட்டறை மெக்கானிக்குக்கு இதைவிட வசதியான அமைப்பு இல்லை.

சிக்கல் பொருத்தத்தில் இருந்தது. வான்கார்டு வழி எந்திரத்தில் உந்துதண்டு ஒவ்வொரு முறையும் 92 மி.மீ. பயணம் செய்ய வேண்டும். ரோவர் வி8 எந்திரத்தில் அந்தத் தூரம் 71 மி.மீ. மட்டுமே. பயணம் நீளமானால் குறைந்த சுழற்சியில் நல்ல இழுவை கிடைக்கும். சுமை இழுக்க அது ஏற்றது. வேகமாகச் சுழலச் சொன்னால் அதிர்வும் இரைச்சலும் கூடும். நெடுஞ்சாலையில் பறப்பதற்கென்று வரையப்பட்ட உடலுக்கு நிதானமாக உழைக்கும் இதயம் கிடைத்தது என்று சொன்னால் தவறாகாது.

ரோவர் நிறுவனமே பிரிட்டனில் 1982 முதல் இதே உடலில் இரண்டு லிட்டர் எந்திரம் வைத்து ஒரு வகையை விற்றது. அங்கே அதற்கு வரிச் சலுகையைத் தேடும் வாடிக்கையாளர்கள் இருந்தனர். ஆனால் அந்த 1,994 கன செ.மீ. எந்திரம் 1970-களில் வடிவமைக்கப்பட்டது. திறன் ஏறத்தாழ 100 குதிரைத்திறன். கொள்ளளவில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. இடையில் இருந்தது முப்பது ஆண்டுப் பொறியியல்.

ஒரு கணக்கு

ஒரு காரின் துடிப்பை அறிய அதன் குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் போதாது. அந்தத் திறன் எவ்வளவு எடையை இழுக்கிறது என்று வகுத்துப் பார்க்க வேண்டும். ரோவர் 3500 காரின் எடை ஏறத்தாழ 1,350 கிலோ. 155-ஐ 1.35-ஆல் வகுத்தால் ஒரு டன்னுக்கு 115 குதிரைத்திறன் வருகிறது. ஸ்டாண்டர்டு 2000-இன் எடையை 1,300 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு டன்னுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 62 மட்டுமே.

மாருதி 800-க்கும் இதே கணக்கைப் போடலாம். திறன் 39 குதிரைத்திறன், எடை 620 கிலோ, டன்னுக்கு 63. அதாவது பணக்காரர்களுக்கென்று வந்த நீளமான கார், நடுத்தரக் குடும்பத்தின் சின்னஞ்சிறு காரைவிட எந்த விதத்திலும் துடிப்பானதாக இல்லை. விலையோ பல மடங்கு. பெட்ரோல் செலவும் அதிகம். வாங்கியவரின் மனநிலையை எண்ணிப் பார்த்தால் அந்தக் காரின் முடிவு வியப்பளிக்காது.

போட்டியாளர்கள் செய்தது

உத்தர்பாராவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் வெளியிட்ட கான்டெஸாவும் இதே நோயோடுதான் பிறந்தது. பிரிட்டனில் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் விக்டர் காரே அதன் மூலம். அமெரிக்கக் கார்களின் தோற்றமும் அதிலிருந்து வந்தது. உள்ளே இருந்ததோ அம்பாசிடரின் 1.5 லிட்டர் எந்திரம், சுமார் 50 குதிரைத்திறன். கணக்குப் போட்டால் தொடக்கக் காலக் கான்டெஸா ஸ்டாண்டர்டு 2000-ஐவிடச் சோம்பலானது.

ஆனால் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஜப்பானின் இசுசு நிறுவனத்தோடு கைகோத்தது. சில ஆண்டுகளில் 1.8 லிட்டர் இசுசு எந்திரமும் ஐந்து கியர்களும் கான்டெஸாவுக்கு வந்தன. அந்த ஒரு மாற்றத்தில் கார் வேறு காராயிற்று. 2002 வரை உற்பத்தியில் நீடித்தது. 1985-இல் வந்த பிரீமியர் 118 என்.இ. காரும் ஃபியட் 124-இன் பழைய உடலுக்குள் நிஸான் எந்திரத்தை வைத்துக்கொண்டது. மாருதி முழுக்க முழுக்க சுசுகியின் படைப்பு. ஆக, 1980-களில் களத்தில் இறங்கியவர்களில் மற்ற மூவருக்கும் ஜப்பானிய எந்திரம் கிடைத்தது. ஸ்டாண்டர்டு மட்டும் தன் பழைய எந்திரத்தோடு நின்றது. ரோவர் உடலின் அழகு குறித்து அன்றும் இன்றும் யாரும் குறை சொன்னதில்லை. அப்படியொரு துணை எந்திரம் இதற்கும் அமைந்திருந்தால் வண்டலூர்த் தொழிற்சாலையின் கதை நீண்டிருக்கக் கூடும்.

தயாரிப்பு நிறுத்தமும் பிறகும்

விற்பனை எதிர்பார்த்தபடி அமையாமல் 1988-இல் ஸ்டாண்டர்டு 2000 தயாரிப்பு நின்றது. வேலைநிறுத்தங்களும் தொழில் தகராறுகளும் தொடர்ந்ததில் தொழிற்சாலையே மூடப்பட்டது. பல ஆண்டுகள் கார் கட்டிய அனுபவம் கொண்ட ஒரு தொழிற்சாலையை அதன் தொழிலாளர்கள் இழந்தனர். சென்னையை ஒட்டிய பகுதி பின்னர் நாட்டின் பெரிய கார் உற்பத்தி மையங்களில் ஒன்றாக வளர்ந்தது. ஃபோர்டும் ஹூண்டாயும் அங்கே தொழிற்சாலை கட்டியது 1990-களில்தான்.

மூடிக் கிடந்த பெருங்களத்தூர் வளாகம் 2006-இல் ஏலம் போனது. அங்கே தேங்கிக் கிடந்த உதிரிப் பாகங்களை ரோவர், டிரயம்ப் கார்களுக்குப் பாகங்கள் விற்கும் பிரிட்டிஷ் நிறுவனமான ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிச் சென்றது. பிரிட்டனில் எஸ்.டி.1 தயாரிப்பு நின்று அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. துருப்பிடித்த தங்கள் ரோவர்களைப் புதுப்பிக்க முயன்ற ஆங்கிலேய ஆர்வலர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத புதுப் பாகங்கள் இவ்வாறு சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தன.