காவிரி சுமந்து வந்த நிலம்

தஞ்சைச் சமவெளியின் வயல்மண் அங்கேயே தோன்றியதன்று. தொலைவிலுள்ள மலைகளையும் மேட்டுநிலங்களையும் அரித்துக் காவிரி கொண்டுவந்து பரப்பிய மண்ணே அது. குடகு மலையின் தலைக்காவிரியில் தோன்றி, ஏறத்தாழ 800 கி.மீ. ஓடிப் பூம்புகாருக்கு அருகில் வங்கக் கடலை அடையும் இவ்வாறு, அரித்தல், கடத்தல், படியவைத்தல் என்னும் மூன்று தொழில்களைப் புரிகிறது.

அரித்தல்

சரிவு மிகுந்த இடங்களில் நீரின் விரைவும் மிகும். பாறை வெடிப்புகளில் புகும் நீர் அவற்றை அகலச்செய்து கற்களைப் பெயர்க்கிறது. பெயர்ந்த கற்கள் ஆற்றின் கருவிகளாகிப் படுகையைத் தேய்க்கின்றன. தாமும் ஒன்றோடொன்று மோதிக் கூழாங்கற்களாகின்றன. ஒகேனக்கல்லில் கடும்பாறைகளுக்கிடையே ஆழ்ந்த இடுக்குகள் உருவானது இத்தொழிலின் விளைவே. அங்கு எழும் நீர்த்திவலை புகைபோல் தோன்றுவதால், 'புகையும் கல்' என்னும் பொருளுடைய கன்னடப் பெயரை அவ்விடம் பெற்றது.

கடத்தல்

ஆறு தன் சுமையை நான்கு வகையாகக் கடத்துகிறது. கற்கள் படுகையில் உருண்டு செல்லும். மணல் தத்தித் தத்திச் செல்லும். வண்டலும் களியும் நீரில் மிதந்து செல்லும். உப்புகள் கரைந்து செல்லும். நீரின் விரைவு சற்றுக் கூடினாலும் அதன் சுமக்கும் ஆற்றல் பன்மடங்கு பெருகும். ஆதலால், ஓராண்டுச் சுமையின் பெரும்பகுதியைச் சில நாள் வெள்ளமே கொண்டுவந்துவிடும்.

படியவைத்தல்

சமவெளியில் சரிவு குறைய, விரைவும் குறைகிறது. முதலில் சரளையும், பின்னர் மணலும், இறுதியில் வண்டலும் களியும் படிகின்றன. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் இடையே திருவரங்கம் தீவாக அமைந்துள்ளது. கல்லணைக்குக் கீழே காவிரியும் வெண்ணாறும் பல கிளைகளாகப் பிரிந்து பரப்பிய வண்டலே நெல்வயல்களின் வளத்திற்கு அடிப்படை. கழிமுகத்தில் உப்புநீர் கலந்ததும் நுண்ணிய களித்துகள்கள் ஒன்றுதிரண்டு விரைந்து படிகின்றன.

குலையும் சமநிலை

இம்மூன்று தொழில்களும் ஒரு வரவுசெலவுக் கணக்கைப் போன்றவை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை வேளாண்மைக்கு நீரைத் தேக்கித் தருகிறது. அதே வேளையில், மேலிருந்து வரும் வண்டலையும் தடுத்துக்கொள்கிறது. சுமையிழந்து வெளியேறும் நீர் கீழுள்ள படுகையை அரிக்கும். அப்படுகையில் மணலையும் அளவின்றி அள்ளினால், ஆற்றின் மட்டம் தாழும். நிலத்தடி நீர் இறங்கும். பாலங்களின் அடித்தளம் வெளிப்படும். வாய்க்கால்களில் நீர் ஏறாது. கடலோரத்திற்கு வண்டல் வந்து சேராவிடில் அலைகள் கரையை அரித்துச் செல்லும். ஆற்றுநீரைப் பங்கிடும்போது நீரின் அளவு கணக்கிடப்படுகிறது. அந்நீர் சுமந்துவரும் மண்ணும் அக்கணக்கில் இடம்பெறுதல் வேண்டும்.