‘முடியாது’ என்று சொன்ன மந்திரி

அரசியல் மேடையில் இயற்கையைப் புகழ்வது எளிது. பெருமுதலாளிகள் காத்து நிற்க, இயற்கையின் பொருட்டு ‘முடியாது’ என்று கையொப்பமிடுவதே அரிது. அவ்வாறு செய்த ஒருவரைப் பாரத நாட்டில் காண்கிறோம். அவரே ஜெயராம் ரமேஷ்.

1954இல் சிக்மகளூரில் பிறந்த இவர் பம்பாயில் பொறியியல் கற்றவர். 2004இல் மேற்சபை புகுந்து, 2009 மே மாதத்தில் சுற்றாடல், வனத்துறை இராஜாங்க மந்திரியானார்.

மரபணு மாற்றிய கத்தரிக்காயைப் பயிரிட 2009 ஒக்டோபரில் நிபுணர் குழு இசைவளித்தது. மந்திரியோ ஏழு நகரங்களிற் கூட்டங்கள் கூட்டி, உழவரையும் விஞ்ஞானிகளையும் செவிமடுத்தபின், 2010 பெப்ரவரி 9ஆந் திகதி அதனை நிறுத்திவைத்தார். அதே ஆண்டு ஓகஸ்டில், ஒரிசாவின் நியமகிரி மலையில் அலுமினியக் கனிமம் அகழும் வேதாந்தா நிறுவனத் திட்டத்துக்கு வன அனுமதி மறுத்தார். அம்மலையைத் தெய்வமெனப் போற்றும் டொங்கிரியா கொந்தர், 2013இல் உயர் நீதிமன்றத்தின் கட்டளைப்படி கூடிய பன்னிரண்டு கிராம சபைகளிலும் திட்டத்தை நிராகரித்தனர்.

எனினும் நமக்கு மிக அண்மையான செய்தி கடற்கரை பற்றியது. 2011 ஜனவரியில் இவர் வெளியிட்ட கரையோர அறிவித்தல், கிராமப்புறங்களில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீற்றர் வரை கட்டடங்களைத் தடுத்தது. ஆயினும் 100 முதல் 200 மீற்றருக்கு இடையில் பாரம்பரிய மீனவர் வீடு கட்ட வழியும் வைத்தது. கரையைக் காப்பது கரையில் வாழ்வோரைத் துரத்துவதன்று என்பதே இதன் கருத்து.

இக்கருத்தின் அருமையைக் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டவை போக எஞ்சிய வளவுகளிலும் வீடு கட்டலாகாதென, கிழக்கில் 200 மீற்றர் எல்லை விதிக்கப்பட்டது. தெற்கிலோ 100 மீற்றரே. அவ்வெல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக ஒடுங்கிய நிலத்தில், கரைவலை இழுப்பவன் எங்கே போவான்? ஒலுவிலில் துறைமுகம் அமைந்தபின் அதன் வடபுறக் கரையைக் கடல் அரித்தமையும் நாம் அறிந்ததே. அலைதடுப்புச் சுவர் மணலின் ஓட்டத்தை மறிக்குமாயின், ஓரிடத்தில் மணல் சேரும். மற்றோரிடத்தில் தென்னை வேரோடு சாயும்.

ரமேஷ் எல்லாவற்றையும் மறுத்தவரல்லர். நவி மும்பை விமான நிலையத்துக்கும், ஒரிசாவில் போஸ்கோ உருக்காலைக்கும் நிபந்தனைகளுடன் இசைந்தார். வளர்ச்சிக்குத் தடையென ஒரு சாராரும், வளைந்து கொடுத்தாரென மறுசாராரும் குறை கூறினர். 2011 ஜூலையில் அவர் கிராம அபிவிருத்தி மந்திரியாக உயர்த்தப்பட்டார். பதவி உயர்ந்தது, வனமும் கடலும் அவர் கையை விட்டகன்றன. அதனைப் பலர் வேறு விதமாகவே பொருள் கொண்டனர்.

அவர் அப்பொறுப்பில் இருந்த காலம் ஈராண்டுக்குச் சற்றே அதிகம். ஆயினும் தீர்ப்பெழுதுமுன் உழவனையும் மீனவனையும் அழைத்துக் கேட்டமையும், காரணங்களை எழுதிப் பகிரங்கப்படுத்தியமையும் நிலைத்து நிற்கின்றன. நம் கரையோரத்தில் நாளை ஒரு கல்லை நாட்ட வருவோரிடம், நாம் கேட்கவேண்டியதும் அதுவே: வலை இழுப்பவனைக் கேட்டீர்களா?