தனியாக ஓடினால் கூச்சம் போகுமா?

ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம். பள்ளி, கல்லூரிகளில் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் கடைசித் தேதி நெருங்குகிறது. வாசகர் கடிதங்களிலும் அதே பேச்சுதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளையை விளையாட்டில் சேர்த்தால் பயம் தெளியுமா என்று சிலர் கேட்கிறார்கள். மைதானத்தில் அவமானப்பட்டு இன்னும் ஒடுங்கிவிட்டால் என்ன செய்வது என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டு கவலையுமே நியாயமானவை.

அரசு விளம்பரங்களில் இதற்குப் பதில் இல்லை. ஃபிட் இந்தியா இயக்கம் 2020 டிசம்பரில் தினமும் அரை மணி நேர ‘ஃபிட்னெஸ் டோஸ்’ என்ற முழக்கத்தைக் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமும் வேண்டும் என்கிறது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்ல கணக்குதான். ஆனால் டோஸ் என்று சொன்னால் எந்த நோய்க்கு, எப்படி எடுத்துக்கொள்வது என்றும் சொல்ல வேண்டும். யாரோடு, யார் முன்னால் என்பது அந்த நிமிடக் கணக்கில் இல்லை. பிறர் பார்வைக்கு அஞ்சும் சமூகப் பதற்றம் உள்ளவருக்கு முக்கியமே அதுதான்.

‘உடற்பயிற்சி செய்பவர்களுக்குப் பதற்றம் குறைவு’ என்று காட்டும் கணக்கெடுப்புகளையும் அப்படியே ஏற்க முடியாது. பதற்றம் அதிகம் உள்ளவர்கள் மைதானத்துப் பக்கமே வருவதில்லை. எது காரணம், எது விளைவு என்பது அந்த எண்களிலிருந்து தெரியாது.

படபடப்பு ஒன்றுதான், பயம் இரண்டு

செமினார் கொடுக்க எழுந்து நிற்கும் மாணவருக்கு நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை ஈரமாகிறது, மூச்சு வாங்குகிறது, முகம் சூடாகிறது. அவரே மூன்று மாடி ஓடி ஏறினாலும் ஏறக்குறைய இவையெல்லாம் நடக்கும். படிக்கட்டில் அதை அவர் பொருட்படுத்துவதில்லை. வகுப்பில் அதே படபடப்பைப் பெரிய ஆபத்தாக எடுத்துக்கொள்கிறார்.

இப்படி உடலின் அறிகுறிகளைக் கண்டே அஞ்சும் தன்மையை 1980களில் அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டீவன் ரைஸும் ரிச்சர்ட் மெக்நாலியும் தனியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 1986இல் அதை அளக்க 16 வாக்கியங்கள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. உடம்பு நடுங்குவதைப் பிறர் கவனிக்கிறார்கள் என்ற எண்ணமும் அதில் இடம்பெற்றது.

2004இல் ஆய்வாளர் புரோமன்-ஃபல்க்ஸ் குழுவினர், இந்த அச்சம் அதிகம் உள்ளவர்களை டிரெட்மில்லில் ஏற்றினார்கள். தலா 20 நிமிடம், மொத்தம் ஆறு முறை. ஒரு பிரிவினர் வேகமாக ஓடினார்கள், மற்றவர்கள் மெதுவாக நடந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒட்டுமொத்தமாக இந்த அச்சம் குறைந்தது. ஆனால் உடல் அறிகுறிகள் மீதான பயத்தை மட்டும் தனியாகப் பார்த்தால், அது குறைந்தது வேகமாக ஓடியவர்களுக்கு மட்டுமே. நெஞ்சு வேகமாக அடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடலே அனுபவித்துப் பழக வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது: பயத்தின் அறிகுறிகளை நாமே வரவழைத்து, அவற்றோடு பழகிவிடுகிறோம்.

கவலை தருவது அடுத்த பகுதி. சமூகப் பதற்றத்தில் பயம் நெஞ்சடிப்போடு முடிவதில்லை, அதை மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள் என்பதுதான் பெரிய பயம். உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் முன்வைத்த விளக்கப்படி, இவர்களுடைய கவனம் முழுக்கத் தங்கள் மேலேயே திரும்பிவிடுகிறது. உள்ளே தாங்கள் உணர்வதையே வெளியே பிறர் காண்பதாக நம்புகிறார்கள். அதனால் மறைக்கப் பார்க்கிறார்கள். கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டை, ஓயாமல் முகம் துடைக்கும் கைக்குட்டை, பந்தியில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது, டிரில் பீரியடில் கடைசி வரிசை. மறைத்தபடியே இருப்பதால், மறைக்காமல் விட்டால் ஒன்றும் நடக்காது என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

விடிகாலை நாலரை மணிக்கு ஆளில்லாத தெருவில் ஹெட்போனோடு ஓடுபவரை இனி யோசித்துப் பாருங்கள். படபடப்பின் மீதான பயம் அவருக்குக் குறையலாம். மனிதர்கள் மீதான பயம் அப்படியே இருக்கும். அந்த ஓட்டமே மறைந்துகொள்ள இன்னொரு இடமாகவும் ஆகிவிடலாம்.

2012இல் வெளியான ஜசாயரி குழுவினரின் ஆய்வை இந்தக் கோணத்தில் படிக்க வேண்டும். சமூகப் பதற்றக் கோளாறு உள்ள 56 பேரில் ஒரு பகுதியினருக்குத் தியானப் பயிற்சி, மற்றவர்களுக்கு உடற்பயிற்சி. எட்டு வாரத்தில் இரு தரப்புக்கும் பதற்றம் குறைந்தது. உடற்பயிற்சித் தரப்பினர் வாரம் குறைந்தது இரண்டு முறை தனியாகவும், ஒரு முறை குழுவாகவும் செய்தார்கள். வேலை செய்தது ஓட்டமா, கூட்டமா என்பது பிரித்துப் பார்க்கப்படவில்லை. 56 பேரை வைத்து ஒரு நாட்டுக்கே மருந்துச் சீட்டு எழுதவும் முடியாது.

ஆகவே நான் சொல்வது இதுதான்: வியர்ப்பது பாதி வேலை, வியர்த்த முகத்தோடு மனிதர்கள் நடுவே நிற்பது மீதிப் பாதி. ஷட்டில் ஆடிவிட்டு நேராக வீட்டுக்கு ஓடாமல் டீக்கடையில் நிற்கட்டும். சட்டை முதுகில் ஒட்டியிருக்கும், கிளாஸ் பிடித்த கை லேசாக நடுங்கும். மாஸ்டர் கேட்பது சர்க்கரை போடவா வேண்டாமா என்பதை மட்டும்தான். அதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் பழைய நம்பிக்கை ஆட்டம் காணும். ஆட்டத்திலும் ஒரு நன்மை உண்டு: பந்து வரும் திசையில் கண் இருந்தாக வேண்டும் என்பதால், தன்னையே பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

பெற்றோருக்கு: முதல் படியே ஊர் கூடிப் பார்க்கும் ரிலே ரேஸாக இருக்கக் கூடாது. தெரிந்த ஒருவரோடு, பிறகு நாலு பேரோடு, அதன்பின் ஒரு குழுவில். அடுத்த படிக்கு எப்போது போவது என்பதைப் பிள்ளை சொல்லட்டும்.

மற்ற கேள்விகள்

பிள்ளையைப் பிடிவாதமாக மைதானத்துக்குத் தள்ளிவிட்டால்? கேலிக்கு ஆளானால் பயம் உறுதிப்படும், தள்ளாதீர்கள்.

நடைப்பயிற்சி மட்டும் போதுமா? தொடங்க நல்லது, ஆனால் மூச்சு வாங்கும் வேகம் மெல்ல வர வேண்டும்.

ஜிம்மில் கண்ணாடி? ஆரம்பத்தில் கண்ணாடி இல்லாத மூலையைத் தேர்ந்தெடுங்கள்.

இதய நோய், ஆஸ்துமா இருந்தால்? வேகத்தை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஓடத் தொடங்கியதும் பதற்றத்துக்கான மாத்திரையை நிறுத்தலாமா? நீங்களாக நிறுத்தக் கூடாது.

எப்போது உளவியல் உதவி தேவை? பயத்தால் ஆறு மாதமாகப் படிப்போ வேலையோ தடைபட்டால் காத்திருக்க வேண்டாம்.

யாரிடம் கேட்பது? டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.